ஒரு கண்ணுக்கு ஆறு மணி நேரம்

ஒரு கண்ணின் விலை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் பாதிக்குக் கேட்டார்.

கேட்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். கடைத்தெருவில் அவருக்கு அரைவிலை என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. துணிக்கடை. சட்டைத்துணி, திரைத்துணி, போர்வை, மெத்தை உறை. வாங்கப் போகிற இடத்தில் சொன்ன விலைக்குப் பாதியில் தொடங்குவார். விற்கிற இடத்தில் யாராவது பாதிக்குக் கேட்டால், "உங்க வாய் நல்ல வாய்தான், துணி அதுக்குக் கட்டுப்படாது" என்பார். முதலில் சொல்கிற விலை என்பது மல்லுக்கு முன்னால் தொடை தட்டுவது மாதிரி. அந்தச் சத்தத்தையே அடி என்று நினைத்துப் படுத்துவிடுகிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி.

மனைவி எதிர்க்கட்சி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அங்கே பேரம் பேசியவன் எவனும் ரயிலைப் பிடித்ததில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இருவரும் ஒன்றாகப் போய் ஒரு நாற்காலி வாங்கியது கிடையாது. அவள் விலையைக் கேட்டதும் பணத்தை எடுப்பாள். இவர் பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதற்கப்புறம்தான் விலையையே கேட்பார்.

மகளுக்கு நாலு வயது. சின்ன உருவம், பெரிய காரம், அதனால் மிளகு.

மிளகின் கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்தது கடையில்தான். துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து அதன் வழியாகப் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைவிலை விளையாட்டாகக் குழாயை வலது கண்ணிலிருந்து இடது கண்ணுக்கு மாற்றி வைத்தார்.

"அப்பா, இதுல அடைச்சிருக்கு" என்றாள்.

அவர் வாங்கி உள்ளே பார்த்தார். தெருக்கோடி வரை தெரிந்தது. மறுபடி கொடுத்தார். "இன்னும் அடைச்சுத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்கு மத்தியானமே ஷட்டரை இறக்கினார்.

இடது கண்ணில் புரை. குழந்தைகளுக்கும் வரும், பிறக்கும்போதே கூட இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அளந்து பேசுகிறவர், அலங்காரம் இல்லாதவர். அறுவை முடிந்தபின் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "புரையை எடுத்துட்டு லென்ஸ் வெச்சிருக்கேன். கண்ணு இன்னும் வளரும். அதனால, வளர்ந்த பிறகு பொருந்தற அளவுல வெச்சிருக்கேன். இப்போ குறையறதைக் கண்ணாடி பாத்துக்கும்."

"வளர்ற பிள்ளைக்கு ரெண்டு விரல் தாராளமா தைக்கறது" என்றார் அரைவிலை.

"அதேதான்."

அந்த ஆஸ்பத்திரியில் அவர் எதிர்க்கேள்வி இல்லாமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான். பயறு அளவுப் பொருளை மடித்து உள்ளே செலுத்தி, அது உள்ளே போய்த் தானாக விரிந்துகொள்கிறது என்றதும், மடிப்புக் கலையாத துணியைப் பார்த்த மாதிரி அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

வினை அடுத்த அறையில் இருந்தது. அங்கே கண் பரிசோதிக்கிற பெண் ஒருத்தி, சதை நிறத்தில் ஒட்டுத் துண்டுகள் நிறைந்த பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"லென்ஸ் வெச்சதோட வேலை முடியலை. இந்த இடது கண்ணு இதுவரைக்கும் ஒழுங்கா எதையும் பாத்ததில்லை. மூளை இதை ஒதுக்கிடுச்சு. நல்ல கண்ணை மூடினாத்தான் இது வேலைக்கு வரும். வலது கண்ணுமேல இதை ஒட்டணும். முழிச்சிருக்கற நேரத்துல, தினமும் ஆறு மணி நேரம்."

"மூணு வெச்சுக்கலாமா?"

"ஆறு."

"சின்னப் பிள்ளை மேடம். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நாலு."

"எனக்கு இதுல லாபமே இல்லைங்க. கண்ணு உங்க பிள்ளையோடது."

மொத்தக் கடைகளில் இந்த வசனத்தை அவர் நூறு தடவை கேட்டிருக்கிறார். எனக்கு லாபமே இல்லை என்று சொன்ன அத்தனை பேரும் மாடி வீட்டில் இருக்கிறார்கள். கொஞ்சம் சுற்றி வந்தார்.

"சரி, காய்ச்சல் வாந்தின்னா?"

"அன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்."

கீறல் விழுந்துவிட்டது. ஒரு நாள் விட்டுக்கொடுக்கிற விலை கடைசி விலையாக இருக்க முடியாது. மனதுக்குள் மூன்று என்று முடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் மனைவி, "யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள். அவள் கையில் ஒரு அட்டை இருந்தது. நாளுக்கு ஒரு கட்டம். எத்தனை மணி நேரம் ஒட்டினோம் என்று அதில் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு.

முதல் வாரம் மனைவி லீவு எடுத்தாள். ஏழு நாளும் ஆறு என்றால் ஆறு, கடிகாரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மிளகு கத்தியதில் மேல்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் மனைவி கவுண்டருக்குத் திரும்பினாள். வாரத்தில் அவள் வீட்டில் இருக்கிற ஒரு நாள் போக மிச்ச ஆறு நாளும் பிள்ளை கடையில், அப்பா பொறுப்பில்.

கடை பத்தடி அகலம். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் துணிக் கட்டுகள், நாலாவது பக்கம் தெரு. வலது கண்ணை ஒட்டியதும் மிளகு துணி வெட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். விளிம்பு எங்கே போகிறதோ அங்கே போவாள். அது முடிகிற இடத்தில் நின்றுவிடுவாள்.

"அப்பா, திரையை எடு."

"திரை இல்லம்மா."

"இருக்கு. வெள்ளைத் திரை. எடு."

கடையில் நாற்பது வகைத் திரைத்துணி தொங்கியது. அவள் கேட்ட ஒன்றைத்தான் அவரால் இறக்க முடியவில்லை.

மூன்று மணி நேரம் என்று மனதுக்குள் முடித்திருந்தார் அல்லவா. அதையாவது கொடுத்திருப்பார். பிள்ளை கடைக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் போர்வை பார்த்துக்கொண்டு நின்றார். மிளகு மேசை முடிகிற இடத்திலிருந்து துணிந்து நாலடி எடுத்து வைத்து, அந்த ஆளின் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, போதும்ப்பா" என்றாள். அந்த மனிதர் சிரித்தார். "உங்க அப்பா அங்க இருக்காரும்மா" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். திரும்பிய பிள்ளை அப்பா நின்ற பக்கம் பார்க்காமல் அடுக்கிலிருந்த கோட்டுத்துணிக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அரைவிலை ஒட்டைப் பிய்த்துவிட்டார். ஒரு மணி ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு என்று வைத்துக்கொண்டார். இரவு மனைவி, "எத்தனை?" என்றாள். "ஆறு" என்றார். அவர் கையாலேயே கட்டத்தில் ஆறு ஏறியது.

அதற்கப்புறம் வழி தெரிந்துவிட்டது. மிளகு அப்பாவுக்குப் பிறந்தவள். பேரத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு பேருக்குத் துணி வெட்டற வரைக்கும் ஒட்டியிரு" என்பார்.

"ரெண்டு பேர்."

"நாலு."

"ரெண்டு பேர், ஒரு பிஸ்கட்."

"மூணு பேர், ஒரு பிஸ்கட். கட்டுப்படியாகாதும்மா, அப்பா போண்டியாயிடுவேன்."

மூன்றில் படியும். மூன்று பேருக்குத் துணி வெட்ட நல்ல நாளில் முக்கால் மணி, மந்தமான நாளில் இரண்டரை. கடையில் ஈ ஓட்டிய நாட்களில்தான் பிள்ளையின் கண்ணுக்கு வருமானம் அதிகம். இரண்டாவது வாரம் அவளே கேட்டாள், "அம்மாகிட்ட ஆறுன்னு சொல்லணும், இல்லப்பா?" அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு பிஸ்கட். இதுவரை அவரிடம் யாரும் இவ்வளவு சுத்தமாகத் தொழில் செய்ததில்லை. கொடுத்தார்.

ஊருக்குக் காட்டுகிற கணக்கு ஒன்று, தனக்கு வைத்துக்கொள்கிற கணக்கு ஒன்று என்பது கடைத்தெருவில் பாவமில்லை, பழக்கம். அட்டையில் ஆறு ஏறிய ஒவ்வொரு நாளும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் நிஜமான நேரம் ஏறியது. ஒன்றரை. இரண்டு. முக்கால். மூன்று. பிறரை ஏமாற்றுகிறவன் பிழைத்துக்கொள்வான். தன் நோட்டிலேயே பொய் எழுதுகிறவன் முழுகிப்போவான்.

நடுவில் இரண்டு மூன்று முறை திருந்தப் பார்த்தார். இன்றைக்கு ஆறு என்று ஒட்டுவார். இரண்டு மணி தாண்டியதும் மிளகு இடுப்பில் கை வைத்து, "பேசினது இது இல்லையே" என்பாள். அதற்குமேல் போனால் கத்துவாள்; கத்தினால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்; "என்ன இன்னிக்குப் புதுசா இவ்வளவு நேரம்?" என்று கேட்பார், அவர் வீட்டம்மாவும் இவர் மனைவியும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். பொய் முதல் நாள் விருந்தாளி, பத்தாம் நாள் வீட்டுக்காரன். இவர்தான் வாடகைக்கு இருந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் காலை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கண் பரிசோதிக்கிற பெண் மிளகின் வலது கண்ணை மறைத்துப் படங்களைக் காட்டினாள். வீடு. படகு. இரண்டும் பெரிய படங்கள், சொல்லிவிட்டாள். அடுத்த வரியில் ஒன்றைப் பிடித்தாள், ஒன்றை விட்டாள். அதற்கடுத்த வரியில் உதட்டைப் பிதுக்கி, "இது ரொம்பச் சின்னது. வேற பெரிசா காட்டுங்க" என்றாள்.

"இதுதான்மா இருக்கு."

"உள்ள இருக்கும், பாருங்க."

அந்தப் பெண் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். லென்ஸ் நட்டநடுவில் இருக்கிறது. பின்னால் படலம் இல்லை. கண்ணாடி அளவு சரி. பிறகு அட்டையை எடுத்தார். தொண்ணூற்றொரு கட்டம், தொண்ணூற்றொரு ஆறு.

"ஒரு நாள்கூட விடலையா?"

"அவர்தான் டாக்டர், கடையில வெச்சுப் பாத்துக்கிட்டார்" என்றாள் மனைவி. எட்டு வருஷத்தில் அவரை இன்னொருவர் முன்னால் அவள் மெச்சியது அதுதான் முதல் தடவை. "நான்கூட நம்பலை. காய்ச்சல் அன்னிக்கும் ஆறு."

அரைவிலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் படித்தார்.

"அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு ஒழுங்கா ஒட்டியும் கிட்டத்தட்ட ஒரு வரிதான் ஏறியிருக்கு. அப்போ ரெண்டு வழி. ஒண்ணு, இந்தக் கண்ணுக்கு இவ்வளவுதான்னு ஏத்துக்கிட்டு, ஒட்டறதை நிறுத்திடறது. குழந்தையை வதைக்கறதுல அர்த்தம் இல்லை. இன்னொண்ணு, மயக்கம் குடுத்துத் திரும்ப உள்ள பாக்கறது, தேவைப்பட்டா லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கறது. ரெண்டாவது தடவை திறக்கறது முதல் தடவை மாதிரி இருக்காது. சொல்லிடறேன்."

இது சொல்லித் தெரிய வேண்டியதா. ஒரு தடவை பிரித்த தையலை அதே ஓட்டை வழியாக மறுபடி பிரித்தால் துணி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"இவ்வளவுதான்னு விட முடியாது டாக்டர்" என்றாள் மனைவி. "திறந்து பாருங்க. எங்க கையெழுத்து போடணும்?"

"ஒரு மாசம் பொறுத்துப் பாத்தா?" என்றார் அரைவிலை.

"தினம் ஆறு மணி நேரம் ஒட்டி மூணு மாசத்துல வராதது, இன்னொரு மாசத்துல வராதுங்க."

"ஒருவேளை எட்டு மணி நேரமா..."

"ஆறே பலிக்கலையே."

எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் கையெழுத்தில் ஆறு என்று எழுதித் தாழ் போட்டிருந்தது. படிவம் வந்தது. மனைவி தன் இடத்தில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள். மேசைப் பேனா நூலில் கட்டியிருந்தது. இழுத்தால் படிவம் வரைதான் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா சும்மாதான் கேட்டார், நேரம் போக்க. "ஏம்மா, அப்பா தினமும் ஒட்டிவிட்டாரா? சமத்தா இருந்தியா?"

மிளகு அப்பாவைப் பார்த்தாள். அவள் கை மேசைக்குக் கீழே, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது. மூன்று விரல். சமயம் பார்த்து விலையை ஏற்றியிருந்தாள். பிறகு நிமிர்ந்து, அம்மா கவுண்டரில் பேசுகிற அதே குரலில், "ஆறு மணி நேரம். தினமும்" என்றாள்.

அரைவிலை அந்த மூன்று விரலைப் பார்த்தார். தன் கண்ணைத் தானே விற்கிற பிள்ளை. மூன்று பிஸ்கட்டுக்கு. அதுவும் அப்பனுக்காக. வாழ்நாளில் இவ்வளவு மலிவாக அவருக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. வாங்க முடியவில்லை.

"அட்டை தப்பு டாக்டர்" என்றார்.

"எந்த நாள்?"

"கடையில இருந்த நாள் எல்லாம்."

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் வைத்தார். டாக்டரம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மனைவியிடம் கொடுத்தார். மிளகு, பேசிய பேச்சு முறிந்துபோனது புரியாமல், "அப்பா, மூணு" என்று விரலை மேசைக்கு மேலேயே தூக்கிக் காட்டினாள்.

மனைவி அந்த விரல்களைப் பார்த்தாள். "இது எதுக்குடி?"

"அம்மாகிட்ட ஆறுன்னு சொன்னா ரெண்டு பிஸ்கட். டாக்டர்னா மூணு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். எதிர்த்தோ சமாதானமாகவோ ஏதாவது சொல்லலாம். அவள் நூலில் கட்டிய பேனாவை அவர் கையிலிருந்து எடுத்தாள், படிவத்தைத் திருப்பினாள், நோட்டைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட ஆரம்பித்தாள். கவுண்டரில் வேலை முடியும்போது கல்லாவைக் கூட்டுகிற மாதிரி, உதடு அசையாமல்.

"இருநூத்தி அறுபத்தி மூணு" என்றாள் கடைசியில். "நான் பாத்த நாளையும் சேத்து."

"ஐநூத்தி நாப்பத்தாறுக்கு ஒரு வரின்னா மோசம்" என்றார் டாக்டரம்மா. "இருநூத்தி அறுபத்தி மூணுக்கு ஒரு வரின்னா, அவ்வளவு மோசம் இல்லை. லென்ஸ் மேல குத்தம் இல்லை. உள்ள பாக்க வேண்டாம்." படிவத்தின் முன்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இன்னிலேருந்து திரும்ப ஆறு. நல்லா வரும்னு வாக்கு குடுக்க மாட்டேன். ஏழு, எட்டு வயசுக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவு. போன மூணு மாசம் போனதுதான்."

அரைவிலைக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பழக்கமும் வந்தது. "விட்டதைப் பிடிச்சிடறேன் டாக்டர். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஒட்டறேன்."

"கூடாது. ஓயாம மூடினா நல்ல கண்ணு கெட்டுடும். ஆறு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் தன் ஆயுளில் முதல்முறையாக அதிகம் தர வந்து நின்றார். வாங்க ஆளில்லை.

"நாளையிலேருந்து நீ வேணும்னா..." என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் லீவு போடுவேன்னு பாக்கறீங்களா? இல்லை. நீங்கதான் ஒட்டணும். அதே கடையில. பக்கத்துக் கடைக்காரர் கேட்டா என்ன விஷயம்னு நீங்களே சொல்லிடுங்க." கைப்பையிலிருந்து ஒட்டை எடுத்து நீட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

காத்திருக்கிற இடத்தில், இரண்டு பேருக்கு நடுவில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். மிளகு மடியில். ஒட்டிய உடனே அலறினாள். இரண்டு பிஸ்கட் என்றாள், ஒரு பிஸ்கட் என்றாள், பிஸ்கட்டே வேண்டாம் என்றாள். அவர் தலையை ஆட்டவில்லை. கை ஒட்டுக்குப் போனபோது இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒரு பாவியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். எழுந்து வெளியே போகலாம் என்றால் கையை விட வேண்டும். கையை விட்டால் ஒட்டு போய்விடும். உட்கார்ந்திருந்தார். அலறல் விக்கலாகி, விக்கல் முனகலாயிற்று. பிள்ளை கழுத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக, மூக்கு இடிக்கிற தூரத்துக்கு வந்து, ஒற்றைக் கண்ணால் தேடியது.

"நீதானா?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு."

"குறைச்சுச் சொல்லு."

"இதுக்கு மேல குறையாதும்மா."

எதிரே நின்றுகொண்டிருந்த மனைவி, கோடு இழுத்த படிவத்தின் பின்பக்கத்தை அவரிடம் நீட்டினாள். பன்னிரண்டு ஐந்துக்கு அது இப்படி இருந்தது:

கொடுக்க வேண்டியது, தொண்ணூற்றொரு நாள்: 546 மணி.
கொடுத்தது: 263.
பழைய பாக்கி: 283. வசூல் ஆகாது.
இன்று கொடுக்க வேண்டியது: 6.
கொடுத்தது: முக்கால்.
நிற்பது: ஐந்தேகால்.